நிலைக்காலும் நீரும்

"சிங்கப்பூர் ஈரத்துக்கு மரம் நிற்காது" என்பது நம்மவர் வாயில் வேதவாக்காகவே அமைந்துவிட்டது. கதவின் அடி உப்பினாலும் ஈரம், அலமாரி உளுத்தாலும் ஈரம், நிலைக்கால் இற்றுவிட்டாலும் அதே ஈரம்! காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டால் வீட்டிலுள்ள எவர்மேலும் பழி இல்லை. ஆகையால் இக்கூற்று எல்லோருக்கும் வசதியாகவும் இருக்கிறது. ஆனால் உண்மை அஃதன்று.

இத்தீவின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் என்பது மெய்யே. அக்காற்றில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் மரம், தன் உலர்ந்த எடையில் 100க்கு 15 முதல் 18 பங்கு வரை நீரை ஏற்று, அம்மட்டில் நின்றுவிடுகிறது. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சணத்துக்கோ 20 பங்குக்குக் குறைந்தால் வாழ்வில்லை. ஏறக்குறைய 30 பங்கை எட்டும்போதுதான் அது செழித்துப் பரவும். இடையிலுள்ள அந்தக் குறையை நிரப்புவது காற்றன்று. ஒழுகும் குழாயோ, வெடித்த கூரையோ, நீர் தேங்கும் தரையோதான் அதை நிரப்ப வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. இரு பருவ மழையும் கொட்டும் அந்நாட்டில் அம்மரத் தூண்களும் உத்தரங்களும் நூற்றாண்டுக் கணக்காக நிற்கின்றன. தாழ இறங்கிய ஓட்டுக் கூரை மழையை அவற்றின்மேல் படவிடுவதில்லை என்பதே அதன் இரகசியம்.

நிற்க. இவ்வாராய்ச்சியில் நான் இறங்கக் காரணமாயிருந்தது, மார்சிலிங்கில் என் பெற்றோர் வாழும் அடுக்குமாடி வீட்டின் ஒரு நிலைக்கால். மார்சிலிங் என்பது, ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் (1879–1936) என்பவருடைய தோட்டத்தின் பெயர். பால்மரம் நின்ற நிலத்தில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன. என் தந்தையார் சிறுவயதில் ஜொகூர்த் தோட்டமொன்றில் தம் தாயாரோடு மங்கு துடைத்தவர். பின்னர் செம்பவாங் கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். அவர் மகனாகிய நான் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு, பாலத்துக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். "அப்பன் தப்பி வந்த இடத்துக்குப் பிள்ளை சம்பளத்துக்குப் போகிறான்" என்று உறவினர் நகையாடுவதுண்டு. அது கிடக்கட்டும்.

தந்தையாருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குளியலறை வாயிலில், நீர் வெளியேறாதிருக்கக் கட்டிய திண்டு ஒன்று உண்டு. அதைத் தாண்டும்போதெல்லாம் அவர் வலக்கையால் நிலைக்காலைப் பற்றிக்கொள்ளுவார். சென்ற மாரிக்காலத்தில் ஒரு விடியற்பொழுது, அவர் பற்றிய நிலைக்கால் அடியில் முறிந்து, ஊஞ்சற்கால் போல் அசைந்து கொடுத்தது. நல்ல வேளையாகச் சுவரில் சாய்ந்தார், தரையில் விழவில்லை. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் பழையபடி நடந்தார்கள் என்பதை, அப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் அறிவார்கள்.

செய்தி பரவியது. அத்தை ஒருவர் தொலைபேசியில் அழுதார். "நிலை அசைந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது, அண்ணி. நாள் பார்த்துச் சாந்தி செய்யுங்கள். அதுவரை அதில் உளி படவிடாதீர்கள்" என்பது அவருடைய தீர்ப்பு. என் அன்னையாருக்கோ வெள்ளிக்கிழமைதோறும் தலைவாயிலுக்கு மஞ்சளும் பொட்டும் இட்டு, வீடு முழுவதையும் வாளி வாளியாக நீர் வார்த்துக் கழுவும் வழக்கம் உண்டு. அவர் மிகவும் கலங்கிவிட்டார். நான் வாதாடவில்லை. முறிந்த இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மரத்தை எடுத்து ஒரு தட்டில் வைத்து அவர் முன் நீட்டினேன். அது பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சிறு சிறு பகடைக் காய்களாகப் பிரிந்திருந்தது. விரலால் நசுக்கினால் மூக்குப்பொடிபோல் உதிர்ந்தது. அன்னையார் அதை முகர்ந்து பார்த்து, "மழைக்காலத்து விறகுக் கட்டை வாசம் வருகிறதே" என்றார். அதன் பிறகு சாந்தி என்னும் பேச்சு எழவில்லை.

அம்மணம் பூஞ்சணத்தின் மணம். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளை மரத்துக்குள் செலுத்தி, மரத்துக்கு வலிமை தரும் செல்லுலோஸ் என்னும் பொருளைக் கரைத்து உண்கிறது. லிக்னின் என்னும் பழுப்புப் பொருள் பெரும்பாலும் எஞ்சுகிறது. மேற்பூச்சு மட்டும் பளபளவென்று நிற்க, உள்ளே எலும்பு போய்விடுகிறது. கறையானாயின் மண்புற்று வழிகள் காணப்படும். இதற்கு அவ்வடையாளமும் இல்லை. ஆங்கிலத்தில் இவ்வகை நோயொன்றுக்கு 'உலர்ந்த அழுகல்' என்று பொருள்படும் பெயர் உண்டு. பள்ளி நாளில் அப்பெயரைப் படித்தபோது, நீரில்லாமலே மரம் அழுகும்போலும் என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். குளிர்நாட்டு வீடுகளைப் பிடிக்கும் அந்தப் பூஞ்சணமும் நீரின்றி வளர்வதில்லை. பெயர் வைத்தவன், அழுகி முடிந்து காய்ந்துபோன மரத்தைப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறான்.

பூஞ்சணம் ஏன் அடியிலேயே பிடித்தது? மரம் என்பது நெடுக்கே அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. அதன் பக்கங்களில் நீர் மெல்லவே ஊறும். அறுத்த முனையிலோ உறிஞ்சுகுழலில் ஏறுவதுபோல் பல மடங்கு விரைவாக ஏறும். நிலைக்காலின் அறுத்த முனையைக் கொண்டுபோய்க் குளியலறை ஓரத்துச் சிமெந்துக்குள் புதைத்து, அதைச் சுற்றி ஓடும் பதித்து அடைத்திருந்தார்கள். நம்மவர் குளிக்கும் முறையோ வாளியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுவது. ஓட்டின் இடுக்குகளில் புகுந்த நீர் சிமெந்தில் தங்கி, இரவும் பகலும் அந்த முனைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு மூன்றாண்டுக்கு முன், அடி மெத்தென்று இருக்கிறது என்று அழைத்த ஒரு குத்தகைக்காரர், அழுகிய பாகத்தின் மேலேயே மக்கு அடைத்து, இரண்டு கை எண்ணெய்ச் சாயம் பூசிவிட்டுப் போயிருந்தார். ஏறிய நீர் ஆவியாகி வெளியேறுவதற்கு இருந்த ஒரே வழியும் அத்தோடு அடைபட்டது. ஈர மரத்துக்குச் சாயம் பூசுவது, நனைந்த ஆளுக்கு மழைச்சட்டை மாட்டுவதற்கு ஒப்பாகும்.

இப்போது வந்து பார்த்த வேறொரு குத்தகைக்காரர், நிலை முழுவதையும் பெயர்த்தெடுத்து அலுமினியச் சட்டம் பொருத்த 900 வெள்ளி கேட்டார். நீர் எங்கிருந்து வருகிறது என்று நான் வினவியதற்கு, "அலுமினியம் அழுகாது, சார்" என்றார். கேள்விக்கு விடை அதுவன்று. சட்டம் அழுகாவிட்டாலும், அதே நீர் பக்கத்துப் படுக்கையறை நிலையைத் தேடிப் போகும்.

பின்னர் நண்பர் ஒருவர் வாயிலாக, சிராங்கூன் சாலைப் பக்கம் முன்னர்ப் பட்டறை வைத்திருந்து இப்போது உட்லண்ட்ஸில் மகளோடு வாழும் ஒரு முதிய தச்சர் கிடைத்தார். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. குளியலறையில் ஒரு வாளி நீரைக் கொட்டச் சொல்லி, முக்காலியில் அமர்ந்து அது ஓடும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் வடிகாலுக்குப் போகாமல் திண்டின் மூலையில் ஒரு தம்ளர் அளவு தேங்கிற்று. அதன்பின் குத்தூசி ஒன்றை எடுத்து, நிலைக்காலின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் அங்குலமாகக் குத்திக்கொண்டே போனார். முதல் ஏழு அங்குலம் ஊசி தயிரில் இறங்குவதுபோல் இறங்கியது. பிறகு தயங்கியது. பத்தாவது அங்குலத்தில் 'டக்' என்று நின்றது.

"ஐயா, மேலே இருப்பது வைரம் பாய்ந்த மரம். இதற்குக் கால்தான் போயிருக்கிறது, உயிர் போகவில்லை" என்று தந்தையாரிடம் சொன்னார்.

"அப்படியானால் நாளைக்கே கால் வைத்துவிடலாமா, தம்பி?" என்று தந்தையார் கேட்டார். தச்சருக்கும் எழுபது வயது இருக்கும். 'தம்பி' என்னும் விளி அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

"நாளைக்கு முடியாது. முதலில் கொத்தனார் வரட்டும். தரை வாட்டத்தைச் சரிசெய்து, ஓட்டு இடுக்கை அடைக்கட்டும். அப்புறம் மூன்று வாரம் காயவேண்டும்."

அம்மூன்று வாரமும் அன்னையார் புறுபுறுத்துக்கொண்டே இருந்தார். அழுகிய பாகத்தை அறுத்தெடுத்து, நிலைக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுத்து, மின்விசிறியை அதன்பக்கம் திருப்பி வைத்திருந்தோம். விருந்தினர் கண்ணில் படுமே என்பது அவர் குறை. ஆனால் காயவிடாமல் ஒட்டும் எந்த ஒட்டும் நிற்காது. அன்றியும், 20 பங்குக்குக் கீழே நீர் இறங்கினாலே பூஞ்சணத்தின் வேலை நின்றுபோகிறது. மருந்து அடிப்பதெல்லாம் அதற்குப் பின்தான். அவ்விடைக்காலத்தில், முதியோர் உள்ள வீடுகளுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் சலுகை விலையில் பொருத்தித் தரும் கைப்பிடிக் கம்பிகளுக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டேன். சுவரில் பதித்த எஃகுக் கம்பிதான் பிடித்து ஏறுவதற்குரியது. நிலைக்கால் கதவைத் தாங்குவதற்கு மட்டுமே.

தச்சர் மீண்டும் வந்த நாள் எனக்கு விடுமுறை, பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். மெத்தென்ற இடத்துக்கு மேல் இன்னும் நான்கு அங்குலம் நல்ல மரத்தையும் சேர்த்தே அறுத்தார். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் இடத்திலும் பூஞ்சண இழை ஒளிந்திருக்குமாம். நேராக அறுக்காமல் சாய்வாக அறுத்தார். அப்போதுதான் பழைய மரமும் புதிய மரமும் அகலமாகத் தழுவிக்கொள்ளும். மேலே பட்ட நீரும் இணைப்புக்குள் நில்லாமல் வெளிப்புறமாக வழியும். புதிய காலுக்கு அவர் கொண்டுவந்த மரத்தின் பெயர் மலாய் மொழியில் செங்கால். "மரம் கேட்டால் செங்கல் என்கிறாயே" என்று தந்தையார் சிரித்தார். ஒருவகையில் பொருத்தமே. மலாயாக் காடுகளில் அழுகலுக்கும் கறையானுக்கும் எளிதில் இடங்கொடாத மரங்களில் அது தலையானது. படகுக்கும் பாலத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் அதைத் தேடியிருக்கிறார்கள். வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓரத்து வெளிறிய பாகத்தை அவர் செதுக்கித் தள்ளினார். எம்மரமாயினும் வெளிறுக்கு நீடித்த வாழ்வில்லை.

துண்டைப் பொருத்துமுன் அதன் அறுத்த முனையை எப்பாக்சிப் பிசினில் மூன்று முறை தோய்த்து உலர்த்தினார். பழைய மரத்தின் வாயில் போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரைத் தடவிக் காயவைத்தார். பொற்கொல்லர் உருக்கில் இடும் அதே வெண்காரந்தான். பூஞ்சணத்துக்கும் துளைக்கும் வண்டுக்கும் அது நஞ்சு. பின்பு பிசினிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி நான்கு முடுக்கினார். கடைசியில் செய்ததே முக்கியமான வேலை. புதிய காலைத் தரையில் ஊன்றாமல், இரண்டங்குல உயரக் கருங்கல் துண்டு ஒன்றைத் திண்டின் ஓரத்தில் பதித்து, அதன்மேல் நிறுத்தினார். இனி நீர் தேங்கினாலும் கல்லைத்தான் நனைக்கும்.

இந்தக் கல் ஒரு புது யோசனையன்று. செட்டிநாட்டுத் திண்ணைகளில் தேக்குத் தூணின் கீழ்க் கற்பீடம் இருப்பதை நாம் அழகுக்கென்று எண்ணிக் கடந்துபோகிறோம். மலாய்க் கம்பத்து வீட்டின் தூண்களும் கல்லின்மேல் நின்றவையே. நார்வே நாட்டில் முற்காலத்தில் தூண்களை மண்ணில் புதைத்துக் கட்டிய மரக்கோயில்கள் அடி அழுகி மறைந்தன. கல்லடுக்கின்மேல் மரச்சட்டம் பரப்பி அதன்மேல் எழுப்பியவையோ, 12ஆம் நூற்றாண்டின் வேலைப்பாடுகள் உட்பட, இன்றும் நிற்கின்றன. ஜப்பானியத் தச்சர்களோ பழங்கோயில் தூணின் கால் அழுகினால் தூணையே வீழ்த்துவதில்லை. அழுகிய அடியை மட்டும் அறுத்துப் புதுமரம் ஒட்டும் முறைக்கு அவர்கள் மொழியில் தனிப்பெயரே இருக்கிறது. எங்கள் தச்சர் ஜப்பானைப் பற்றிக் கேள்விப்பட்டவரல்லர். அறந்தாங்கிப் பக்கத்தில் தம் தகப்பனாரிடம் கற்றதாகச் சொன்னார்.

மொத்தச் செலவு, கொத்தனார் கூலியும் சேர்த்து 380 வெள்ளி ஆயிற்று.

ஆயினும் எல்லாவற்றையும் ஒட்டிக் காப்பாற்றலாம் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. அன்றைக்கே அவர் சமையலறைத் தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்து பார்த்தார். அதன் அடிப்பலகை மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்தது. குழாய்க் கசிவில் ஊறி, பொங்கிய பணியாரம்போல் உப்பியிருந்தது. "இதற்கு வைத்தியம் இல்லை. தூக்கிப் போடுங்கள்" என்று ஒரே சொல்லில் முடித்தார். ஊறிப் பொங்கிய தூள் பலகை எத்தனை காய்ந்தாலும் பழைய திண்மைக்குத் திரும்புவதில்லை. அலமாரிக் கதவுகளோ அசல் மரம். ஓரத்தில் நீலங்கலந்த கருப்புக் கறை ஓடியிருந்தது. தந்தையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவின் உட்புறத்தை நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"இது பால்மரம்டா" என்றார்.

உண்மைதான். பிரேசிலிலிருந்து 1876இல் விக்காம் என்னும் ஆங்கிலேயர் கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கிருந்த ரிட்லி வகுத்தார். அதன்பின் நம் மக்கள் கப்பல் கப்பலாக வந்து அம்மரத்தைச் சுற்றியே வாழ்ந்து மடிந்தார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் தந்து ஓய்ந்த மரத்தை அக்காலத்தில் விறகாக எரித்துவந்தனர். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மலேசியாவில் அதை மேசை நாற்காலிகளுக்குப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். மரத்துக்குள் மாவும் சர்க்கரையும் நிறைந்திருப்பதால், வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, வெண்கார மருந்தை அழுத்தத்தால் உட்செலுத்தி உலர்த்தாவிட்டால் நீலக்கறையும் வண்டும் பிடித்துவிடும். அம்மருந்தும் நீரில் கரைவதே. தொடர்ந்து நனைந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே கூடத்து நாற்காலிக்கு அது நல்ல மரம், குழாயடிக்கு ஏற்றதன்று. "முப்பது வருஷம் மழையிலேயே நின்ற மரம், ஒரு குழாய்க்குத் தாங்கவில்லையா?" என்று தந்தையார் கேட்டார். உயிரோடு நின்ற மரத்துக்குப் பட்டை இருந்தது என்று தச்சர் சொன்னார். கறை பிடித்த ஒரு கதவை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதை உலர்த்தி அப்படியே வைத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் நீர் எங்களுடையது. ஆகவே காரியம் எளிதாயிற்று. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனையுமாயின், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பழுதுபார்க்கவேண்டும் என்பது கழகத்தின் விதி. தகுதியுள்ள வீடுகளுக்குச் செலவில் பாதியைக் கழகமே ஏற்கும் திட்டமும் உண்டு. இது தெரியாமல் மின்தூக்கியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆண்டுக்கணக்காகச் சண்டையிடும் அண்டைவீட்டாரை நான் அறிவேன். அவர்கள் கோபம் ஆறுமுன் கதவும் அலமாரியும் மண்ணாகிவிடுகின்றன.

பாலத்துக்கு அப்பால் கதை வேறு. எங்கள் தோட்டத்தில் பழைய பலகை லயம் ஒன்று இன்னும் இருக்கிறது. முன்பு நம்மவர் இருந்தனர். இப்போது பெரும்பாலும் இந்தோனேசியத் தொழிலாளரும் வங்காளதேசத்தாரும் இருக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் நான்கு. குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆம் எண்ணுள்ளது, கூறுகிறது. பழுதுபார்ப்புக் கணக்கு என் மேசையில் இருக்கிறது. ஐந்தாண்டாக அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'பின்சுவர் அடிப்பலகை மாற்றியது.' கூரைத் தகரத்தின் விளிம்பில் நீர்த்தாரை துருப்பிடித்து உடைந்திருக்கிறது. மழை நேரே சுவரடியில் விழுந்து தெறிக்கிறது. 'நீர்த்தாரை, 60 அடி' என்று நான் ஆண்டுதோறும் எழுதுகிறேன். மேலிடத்தில் அதை அடித்துவிட்டுப் பலகைக்கு மட்டும் கையெழுத்து இடுகிறார்கள். பலகை அவ்வாண்டின் செலவில் அடங்கிவிடும், நீர்த்தாரைக்குத் தனி அனுமதி வேண்டும் என்பது சொல்லப்படும் காரணம். ஐந்தாண்டுப் பலகையின் விலை நீர்த்தாரையின் விலையை எப்போதோ தாண்டிவிட்டது. அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு கைக்குழந்தை படுத்துறங்குகிறது, ஓயாமல் இருமுகிறது.

இவ்வாண்டு மனுவோடு கணக்கை மட்டும் அனுப்பவில்லை. லயத்தின் பின்சுவரிலிருந்து ஒரு முழப் பலகையைப் பெயர்த்து, தாளில் சுற்றி, நானே மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். சென்ற ஆண்டு மாற்றிய பலகை அது. சாயம் இன்னும் புதிதாக இருந்தது. மேலாளர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தம் பேனாவை எடுத்து மெல்லக் குத்தினார். பேனா பாதிவரை இறங்கிற்று. அவர் பேனாவை உருவித் துடைத்துக்கொண்டு, நீர்த்தாரைக்கு மூன்று விலைப்புள்ளிகள் கேட்கச் சொன்னார். இரண்டு வந்திருக்கின்றன, மூன்றாவது திங்களன்று வரவேண்டும்.